தானே கற்கப் பழகுக

சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்ததும் கண்டி நகரத்திலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் உள்ள இல்லங்கள்தோறும் எழுகின்ற கேள்வி, பிள்ளை இனி எந்தப் பிரிவிலே படிப்பது என்பதாகும். கணிதம், உயிரியல், வணிகம், கலை, தொழில்நுட்பம் என்று உயர்தரத்தில் வழிகள் பல திறந்திருந்தும், பிள்ளையின் சுபாவம் எது, அபிலாஷை எது என்று விசாரியாமல், அயல்வீட்டுப் பிள்ளை சென்ற வழியிலேயே தம் பிள்ளையையும் அனுப்பிவிடும் பெற்றோரே மிகுதி.

சனி, ஞாயிறு தினங்களில் புசல்லாவையிலிருந்தும் கலகாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் விடியற்காலை பஸ்ஸிலே புறப்பட்டுக் கண்டியின் டியூஷன் வகுப்புகளை நாடி வரும் மாணவரின் பிரயாசை போற்றத்தக்கதே. ஆயினும், ஒரு நாள் முழுவதும் ஆசிரியர் பேசக் கேட்டு, கை நிறைய டியூட்களோடு வீடு திரும்பி, அவற்றை அடுத்த வகுப்பு வரையில் திறந்தும் பாராதவன் எவனோ, அவன் பஸ் கட்டணமும் வகுப்புக் கட்டணமும் செலுத்தினானேயன்றிப் பாடத்தைக் கற்றவனாகான்.

கற்றலாவது யாது? ஒளித்தொகுப்புப் பாடத்தை வாசித்த மாணவி புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் ஓர் இலையை வரைந்து, அதனுள் புகுவன எவை, வெளிப்படுவன எவை, ஒளியின் உதவியால் அங்கே நிகழ்வது யாது என்று தன் சொந்த வாக்கியங்களில் எழுதிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் பேனா தயங்கி நிற்கிறதோ அந்த இடமே அவள் மீண்டும் வாசிக்கவேண்டிய இடம். இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அவ்வாறே எழுதிப் பார்ப்பாளாயின், பரீட்சைக்கு முந்திய இரவில் நித்திரையைத் துறந்து மனனம் செய்யவேண்டிய நிர்ப்பந்தம் அவளுக்கு நேராது. கடந்த கால வினாத்தாள்களைக் கடிகாரத்தை முன்வைத்து எழுதிப் பழகுவதும், நித்திரையைக் குறைக்காதிருப்பதும், படிக்கும் வேளையில் கைத்தொலைபேசியை வேறோர் அறையில் வைத்துவிடுவதும் இதனோடு சேர்ந்த நியமங்கள்.

கல்வியைப் பரீட்சையோடு முடித்துக்கொள்ளாத ஒருவரைக் கண்டி மாநகரமே நமக்குத் தந்திருக்கிறது. 1838ஆம் ஆண்டு இங்கே பிறந்த சித்திலெவ்வை, சட்டத்தொழிலில் ஸ்திரமான ஜீவனத்தைப் பெற்றபின்னும் அதனோடு திருப்தியுற்றுவிடாமல், 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் தமிழின் ஆரம்பகால நாவல்களுள் ஒன்றாகிய 'அசன்பே சரித்திரம்' என்பதை வெளியிட்டு, தம் முஸ்லிம் சமூகத்துச் சிறுவருக்கு மாத்திரமன்றிச் சிறுமியருக்கும் பாடசாலை வேண்டுமென்று உழைத்தார். 1892இல் கொழும்பில் தோன்றிப் பின்னர் சாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையின் ஸ்தாபகருள் அவரும் ஒருவர். அரபும் தமிழும் ஆங்கிலமும் அவருக்குக் கைவந்திருந்தமையாலன்றோ அவருடைய பணி இத்துணை விரிந்தது! தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெருவிலே ஒலிக்கும் கண்டியில் வளரும் தமிழ்ப் பிள்ளை, சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பிழையின்றி எழுதவும் பேசவும் கற்றுக்கொள்ளாதிருப்பது பெரும் நஷ்டம்.

1942இல் ஸ்தாபிக்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த காலந்தொட்டு, அதன் வாயிலில் நுழைவதே இப்பிரதேசத்து மாணவரின் பெருங்கனவாக இருந்து வருகிறது. கனவு நன்று, ஆனால் பல்கலைக்கழகங்களில் உள்ள இடங்களோ சில, பரீட்சை எழுதுவோரோ மிகப் பலர். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி சற்றே குறைந்ததனால் வாழ்க்கையே குறைந்துவிட்டதாகக் கலங்குவது அவிவேகம். ஏழு மட்டங்களைக் கொண்ட தேசியத் தொழிற்றகைமை முறையில், தொழிற்பயிற்சியிலே தொடங்கிய ஒருவர் பட்டத்திற்கு நிகரான தகைமை வரையில் ஏற வழியுண்டு. தொழில் பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது.

பெற்றோரே, பிரிவைத் தெரிவதற்கு முன் பிள்ளையை அருகில் அமர்த்தி, எந்தப் பாடத்தை அவன் ஒருவர் சொல்லாமலே எடுத்து வாசிக்கிறான் என்று கேளுங்கள். மாணவரே, எந்தப் பிரிவிலே சேர்ந்தாலும், எந்தத் தொழிலை மேற்கொண்டாலும், தானே கற்கத் தெரிந்தவருக்கே கல்வி ஆயுள் முழுதும் பயன்தரும். அப்பழக்கத்தை இன்றே, ஒரு பாடத்தோடு, ஒரு வெற்றுத் தாளோடு தொடங்குங்கள்.