கடலடியில் பாதிப் பங்கு யாருக்கு?

புதுடெல்லி: மத்திய இந்தியப் பெருங்கடலில் கனிம உருண்டைகளை ஆராய சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தம் 2027 மார்ச்சில் முடிகிறது. 2002-ல் பதினைந்து ஆண்டுகளுக்குக் கையெழுத்தானது. 2017-லும் 2022-லும் ஐந்தைந்து ஆண்டு நீட்டிப்பு. இதற்கிடையே 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பெர்க் முகட்டுக்கு இன்னோர் ஒப்பந்தம் டெல்லியிலேயே போடப்பட்டது. ‘அப்படியானால் அந்தக் கடல் நம்முடையதா?’ என்று வாசகர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

இல்லை. 75,000 சதுர கி.மீ. பரப்பில் தேடிப் பார்க்கும் தனியுரிமை மட்டும் நம்முடையது. அங்கே 38 கோடி டன் உருண்டைகள் கிடப்பதாகப் புவி அறிவியல் அமைச்சகம் சொல்கிறது. இது மதிப்பீடு, யாரும் அள்ளி எடை போடவில்லை. அதில் பத்து சதவீதம் கிடைத்தாலே நூறு ஆண்டு எரிசக்தித் தேவை தீரும் என்றுகூட அரசுச் செய்திக்குறிப்பில் எழுதினார்கள். உருண்டையை உடைத்தால் மாங்கனீசு, இரும்பு, கொஞ்சம் நிக்கல், செம்பு, கோபால்ட். அடுப்பில் போட்டு எரிக்க அதில் ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியது, இந்த 75,000 வந்த கணக்கு. மூத்தவன் பங்கு வைக்க, இளையவன் முதலில் எடுத்துக்கொள்ளும் பாகப் பிரிவினைதான் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தின் விதி. விண்ணப்பிக்கும் நாடு சம மதிப்புள்ள இரண்டு பகுதிகளைக் காட்ட வேண்டும். எது யாருக்கு என்பதை ஆணையம் தீர்மானிக்கும். மட்டமான பாதியைத் தள்ளிவிட வழியில்லை. 1987-ல் நமக்கு ஒன்றரை லட்சம் சதுர கி.மீ. ஒதுக்கப்பட்டபோது இன்னொரு பாதி இப்படித்தான் ஆணையத்துக்கென ஒதுக்கப்பட்டது. நம் பங்கிலும் பாதியைப் பிற்பாடு விதிப்படி திருப்பிக் கொடுத்தோம். மிஞ்சியதுதான் 75,000.

ஆணையத்தின் பாதி ஏழை நாடுகளுக்காக, ‘எண்டர்பிரைஸ்’ என்ற பொதுநிறுவனம் வழியே தோண்டப்படும் என்பது ஏற்பாடு. அழகான யோசனை. அந்த நிறுவனம் ஒருநாளும் சொந்தமாக வேலை தொடங்கவில்லை. வளரும் நாடு எதுவும் அந்தப் பாதிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற இன்னொரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. பசிபிக்கில் அதன் வழியே நுழைந்தது, சுமார் பன்னிரண்டாயிரம் பேர் வாழும் நவூருவின் ஆதரவுக் கடிதத்தோடு வந்த கனடா நிறுவனமான தி மெட்டல்ஸ் கம்பெனியின் துணை நிறுவனம். சீன அரசின் மின்மெட்டல்ஸும் வளரும் நாடு என்ற தகுதியிலேயே அங்கே இடம் பிடித்தது. இந்தியா செலவழித்து அளந்து கொடுத்த பாதிக்கும் இதே விதிதான். பெய்ஜிங் நாளை கேட்டால், வளரும் நாடு என்ற தகுதியை மறுக்க டெல்லிக்கு வாதம் இருக்காது. அதே தகுதியில்தான் நாமும் நிற்கிறோம்.

2027 மார்ச்சுக்குப் பின்? மறுபடி நீட்டிப்புக் கேட்க விதி இரண்டே காரணங்களை ஏற்கிறது: நம் கையை மீறிய தடை, அல்லது தோண்டுவது இன்றைய பொருளாதார நிலையில் கட்டுப்படியாகாது என்பது. உள்ளூரில் புதையல் என்பதை ஆணையத்தின் தலைமையகமுள்ள கிங்ஸ்டனில் கட்டுப்படியாகாது என்று சொல்ல வேண்டி வரலாம்.

தோண்டினால் என்ன ஆகும்? பசிபிக்கில் 1979-ல் ஓர் இயந்திரம் ஊர்ந்த தடம் 44 ஆண்டு கழித்தும் சேற்றில் அப்படியே இருந்ததை 2025-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்தியப் பெருங்கடலின் வெந்நீர் ஊற்றுகளில் ஒரு நத்தை வாழ்கிறது. பாதத்தில் செதில் செதிலாக இரும்பு சல்ஃபைடு பூத்திருக்கும். கடலடிச் சுரங்க அபாயத்தைக் காட்டி 2019-ல் சிவப்புப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். கார்ல்ஸ்பெர்க்கில் நாம் தேடப்போவதும் அப்படிப்பட்ட ஊற்றுகள் படியவிட்ட கந்தகத் தாதுவைத்தான்.

மற்ற கேள்விகள்:

நிக்கோபார் ஏலமும் இதுவும் ஒன்றா? இல்லை, 2024 நவம்பரில் ஏலத்துக்கு வந்த அந்த ஏழு பகுதிகளும் நம் பொருளாதார மண்டலத்துக்குள், நம் சட்டத்தின் கீழ் வருபவை.

அஃபனாசி நிகிடின் கடல்மலை? 2024 ஜனவரியில் ஆணையத்திடம் விண்ணப்பித்தோம். இலங்கையோ அதைத் தன் கண்டத்திட்டு என்கிறது.

மத்ஸ்யா 6000 சுரங்கம் தோண்டுமா? தோண்டாது; அது மூவர் செல்லும் ஆய்வுக் கலம்.

தோண்டும் இயந்திரம்? பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘வராஹா’, 2021-ல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஊர்ந்து பார்த்தது. அந்தச் சோதனையின் நோக்கம் ஊர்வது மட்டுமே.