ஹெலிகாப்டரைப் புரட்டிய காற்று பழங்காநத்தத்துக்கு வருமா?

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஐம்பதாயிரம் பேர் குடியிருக்கும் ஜாப்லின் என்ற ஊரை மாலை ஐந்தே முக்கால் வாக்கில் ஒரு டொர்னாடோ அடித்தது. 158 பேர் இறந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் காயம். அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையே காற்றின் பாதையில் இருந்தது. ஒன்பது மாடிக் கட்டடத்தின் கான்கிரீட் கூடு நின்றுவிட்டது. ஆனால் ஜன்னல்கள் நொறுங்கின, ஜெனரேட்டரும் போனது, செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகள் சிலர் உயிரிழந்தார்கள். வெளியே மருத்துவமனையின் ஹெலிகாப்டர் நசுங்கிக் கிடந்தது.

உள்ளே இருந்த 183 நோயாளிகளையும் ஒன்றரை மணி நேரத்தில் வெளியேற்றியிருக்கிறார்கள், இருட்டுப் படிக்கட்டு வழியாக. பக்கத்திலேயே இருந்த ஃப்ரீமன் மருத்துவமனை தப்பித்தது அந்த ஊரின் அதிர்ஷ்டம். செயின்ட் ஜான்ஸின் எக்ஸ்ரே படங்களும் காகிதங்களும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் யார் யார் வீட்டு வாசலிலோ போய் விழுந்தன. நோயாளிகளின் விவரங்களைக் கணினிக்கு மாற்றி அப்போதுதான் மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த வேலை மூன்று வாரம் தள்ளிப்போயிருந்தால் அத்தனையும் காற்றோடு போயிருக்கும்.

அந்தக் காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள். எந்தக் கருவியும் அங்கே நின்று அளக்கவில்லை, நிற்கவும் முடியாது. காற்று போன பிறகு, எது எப்படி உடைந்திருக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்குப் போடுகிறார்கள். ஜாப்லினில் கவனத்தை இழுத்த தடயங்களில் ஒன்று, வாகன நிறுத்துமிடத்தில் சக்கரம் தாண்டாமல் இருக்கப் பதிக்கும் கான்கிரீட் கட்டைகள். ஒவ்வொன்றும் 130 கிலோ தேறும். இரும்புக் கம்பி அடித்துத் தரையில் பிடித்து வைத்தவை. அவை பிடுங்கப்பட்டுத் தூரத்தில் கிடந்தன.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. மணிக்கு 60 கிலோமீட்டரில் அடிக்கும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 17 கிலோ எடை அழுத்துவதுபோலத் தள்ளும். பத்தடிக்குப் பத்தடி ஃப்ளெக்ஸ் பேனர் என்றால் மொத்தம் 150 கிலோவுக்கு மேல். கோடை மழைக்கு முன் வரும் காற்றில் அது சவுக்குக் கட்டையோடு சாய்வதில் ஆச்சரியமே இல்லை. 320 கிலோமீட்டரில் அதே ஒரு சதுர மீட்டருக்கு 480 கிலோ. மருத்துவ ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று டன் எடைதான். பக்கவாட்டில் பத்து சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஐந்து டன் தள்ளு. போதாததற்கு அதன் விசிறி இறக்கைகள் காற்று பட்டால் மேலே தூக்கும்படியே செதுக்கப்பட்டவை.

முன்கூட்டியே பறந்து போயிருக்கலாமே? இடிமேகத்துக்குப் பக்கத்தில் ஹெலிகாப்டர் பறப்பது தரையில் நிற்பதைவிட மோசம். ஜாப்லின் டொர்னாடோ மழைத் திரைக்குள் ஒளிந்து வந்ததால், கிட்டே வரும்வரை பலருக்கு அது கண்ணுக்கே தெரியவில்லை.

இனி நம்மூர் மதுரை. சித்திரை வெயிலில் மாடக்குளம் கண்மாய் காய்ந்து கிடக்கும்போது மதிய நேரத்தில் போய் நின்றால், தரையிலிருந்து ஒரு சுழல் எழுவதைப் பார்க்கலாம். முதலில் நாலு சருகு வட்டமடிக்கும். அப்புறம் செம்மண் புழுதி, கேரி பேக், பீடிக் கட்டு உறை எல்லாம் சேர்ந்து ஒரு தூணாகி நகரும். பழங்காநத்தத்துப் பையன்கள் அதற்குள் ஓடிப்போய் நின்று கண்ணில் மண்ணை வாங்கிக்கொண்டு வருவார்கள். பெரியவர்கள் பேய்க்காத்து என்று அதட்டுவார்கள். பார்வைக்கு இது டொர்னாடோவின் குட்டிபோல இருக்கும். ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது.

புழுதிச் சுழல் தரைக்குப் பிறந்தது. தரை கொதிக்கிறது, அதை ஒட்டிய காற்று லேசாகி மேலே போகிறது, சுற்றியுள்ள காற்று அந்த இடத்தை நிரப்ப வரும்போது ஒரு பக்கமாகச் சுழல்கிறது. மேகம் தேவையில்லை. சொல்லப்போனால் மேகம் வந்து வெயிலை மறைத்தால் செத்துப்போகும். சில நிமிட ஆயுசு.

டொர்னாடோ மேகத்துக்குப் பிறந்தது, சாதாரண இடிமேகத்துக்கும் அல்ல. கீழே ஈரமான வெக்கைக் காற்று, அதன் மேல் வறண்ட காற்று, அதற்கும் மேலே வேறு திசையிலிருந்து வேகமாக அடிக்கும் காற்று என்று மூன்றும் சேர வேண்டும். கீழ்க்காற்றும் மேல்காற்றும் வேகத்திலும் திசையிலும் மாறுபடும்போது நடுவில் உள்ள காற்று படுக்கைவாட்டில் உருளத் தொடங்குகிறது, சப்பாத்திக் கட்டைபோல. மேகத்துக்குள் ஏறும் வெப்பக்காற்று அந்த உருளையை நிமிர்த்தி நிறுத்துகிறது. இப்போது மேகமே சுழல்கிறது. அந்தச் சுழற்சி குறுகக் குறுக வேகம் ஏறுகிறது. அப்படியும் இப்படிச் சுழலும் மேகங்களில் பெரும்பாலானவை டொர்னாடோவை இறக்குவதில்லை. ஏன் ஒன்று இறக்குகிறது, இன்னொன்று இறக்காமல் போகிறது என்பதற்கு வானிலை அறிவியலிடம் இன்னும் முழு விடை இல்லை.

இந்த மூன்றும் கூடும் இடம் இந்தியாவிலும் உண்டு. மார்ச் முதல் மே வரை வங்காள விரிகுடாவின் ஈரக்காற்று வங்கத்துக்குள் நுழைகிறது. சோட்டா நாக்பூர் மேட்டிலிருந்து வறண்ட அனல் வருகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து பாயும் காற்று அந்த மாதங்களில் அங்கேயே இருக்கிறது. உலகிலேயே அதிகம் பேரைக் கொன்ற டொர்னாடோ அமெரிக்காவில் அடித்ததல்ல. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதியில் அடித்தது. ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். 1978 மார்ச் 17இல் டெல்லிப் பல்கலைக்கழக வட்டாரத்தில் ஒன்று இறங்கி 28 பேரைக் கொன்றது. 2024 மார்ச் 31இல் மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டம் மைனாகுரியில் சில நிமிடங்களில் வீடுகள் சரிந்தன.

மதுரையில் வெக்கை இருக்கிறது, சித்திரை, வைகாசியில் ஈரமும் வந்து சேர்கிறது. இல்லாதது அந்த மேல்காற்று. பத்தாவது அட்சக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்கு மேலே கோடையில் காற்று மந்தம். ஆகவே மேகம் நேராக வளர்கிறது, சுழலாமல். சாயங்காலம் தன் மழையின் பாரத்திலேயே பொத்தென்று சரிகிறது. மழையோடு குளிர்காற்றும் இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் சிதறுகிறது. ஜெய்ஹிந்துபுரத்தில் தகரக் கூரை பறப்பதும், டி.வி.எஸ். நகரில் வேப்பமரம் காரின் மேல் விழுவதும் பெரும்பாலும் இதனால்தான். மறுநாள் டொர்னாடோ அடித்ததாக வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தந்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1945இல் நாகசாகியில் அணுகுண்டு வெடித்த இடத்தை ஆராயப் போன இளம் விஞ்ஞானிகளில் ஒருவர். அங்கே மரங்கள் ஒரு மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததை மறக்கவில்லை. பின்னர் அமெரிக்காவில் புயல் அழித்த காடுகளை விமானத்திலிருந்து பார்த்தபோது அதே அமைப்பு கண்ணில் பட்டது. டொர்னாடோவில் மரங்கள் ஒன்றை ஒன்று நோக்கி, முறுக்கிக்கொண்டு விழுந்திருக்கும். மேகம் சரிந்து அடித்த காற்றில் விசிறி விரித்ததுபோல் ஒரே போக்கில் கிடக்கும். காற்றுக்கு மறுநாள் காலை தெருவில் விழுந்த மரங்களின் தலை எந்தத் திசையில் இருக்கிறது என்று குறித்துப் பார்த்தால், அடித்தது எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

1975இல் நியூயார்க்கில் தரையிறங்க வந்த விமானம் ஒன்று இடிமழையில் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தபோது, ஃபுஜிட்டா இதே சரிவுக் காற்றைத்தான் காரணமாகக் காட்டினார். பலர் அப்போது நம்பவில்லை. விமானம் அதற்குள் நுழையும்போது முதலில் எதிர்க்காற்று தூக்கிவிடும், விமானி அதற்கு ஏற்ப இறக்குவார். அடுத்த சில நொடியில் அதே காற்று பின்னாலிருந்து அடிக்க, இறக்கைக்குப் பிடிமானம் போய்விடும். ஹெலிகாப்டருக்கும் இதே ஆபத்துதான். மே மாத மாலையில் ஓடுபாதைக்கு மேல் மேகம் கறுத்திருக்கும்போது, மதுரைக்கு வரும் விமானம் இறங்காமல் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால், விமானி மேகம் சரிந்து முடியட்டும் என்று காத்திருக்கிறார்.