மழைக்குத் திரும்பும் விமானம்



றியாதிலிருந்தோ தோஹாவிலிருந்தோ பிள்ளை வருகின்ற நாளில், கல்முனையிலிருந்து இரவோடிரவாக வேன் பிடித்துக் கட்டுநாயக்காவில் போய்க் காத்து நிற்பது நம் வீடுகளுக்குப் பழகிப்போன காரியம். விடியற்காலையில் தலைக்கு மேல் வந்த விமானம், மழை என்று சொல்லி மத்தளைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்விட்டால் எழும் முறைப்பாடுகளைக் கேட்க வேண்டியதில்லை. “வந்த பிளேனை இறக்கத் தெரியாத ஆளா?” என்பார்கள் உம்மாமார். இறக்கத் தெரிந்தவர் என்பதனால்தான் அவர் திரும்பினார்.

விமானி புறப்படுமுன்னரே, போய்ச் சேரும் நேரத்தில் அங்கே மேகம் எவ்வளவு தாழ்ந்திருக்கும், எத்தனை மீற்றர் தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று வானிலை அறிக்கையைப் பார்க்கிறார். அங்கே இறங்க முடியாவிட்டால் போவதற்கு மாற்று நிலையம் ஒன்றையும் குறித்துக்கொள்கிறார். பிறகே எண்ணெய்க் கணக்கு. பயணத்துக்கு வேண்டியது, அதில் நூற்றுக்கு 5 வீதம் மேலதிகம், மாற்று நிலையம் போக வேண்டியது, அதற்கும் மேல் அரை மணி நேரம் வானில் சுற்றத் தேவையானது. கட்டுச்சோறு கட்டும் நம் பெண்களுக்கு இந்தக் கணக்கு விளங்காமற் போகாது.

அடுத்தது எல்லைக்கோடு. வானொலி அலைகளின் வழிகாட்டலில் இறங்கும் சாதாரண முறையில், ஓடுபாதையில் குறைந்தது 550 மீற்றராவது பார்வை தெரிய வேண்டும். தரையிலிருந்து 200 அடி உயரத்துக்கு வந்ததும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படாவிட்டால், உடனே மேலே கிளம்பிவிட வேண்டும். அந்த உயரத்திலிருந்து தரையைத் தொட இருபது விநாடிகூட இல்லை. யோசிக்க அவகாசம் ஏது? ஹஜ்ஜுக்குப் போகிறவர் மீக்காத்தை இஹ்றாம் இல்லாமல் கடப்பதில்லை. இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போமே என்பதற்கு அங்கே இடமில்லை. இதுவும் அப்படித்தான்.

கோட்டைக் கடந்து தரை தெரிந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. கொரோனாக் காலத்தில், 2020 ஆகஸ்ட் 7 அன்று, நம்மைப் போலவே வளைகுடாவை நம்பி வாழும் கேரளத்துக் குடும்பங்கள் துபாயிலிருந்து 190 பேர் கொண்ட எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்துக்காகக் காத்திருந்தன. மலைமுகட்டைச் சமப்படுத்தி அமைத்த கோழிக்கோடு நிலையத்தில் கடும் மழை. முதல் முயற்சியிலேயே தலைமை விமானியின் கண்ணாடித் துடைப்பான் நின்றுபோனது. விமானம் சரியாகவே மேலே கிளம்பியது. இரண்டாம் முறை, காற்று பின்னாலிருந்து தள்ள, 8,858 அடிப் பாதையில் ஏறக்குறையப் பாதியைத் தாண்டிய பின்னரே சக்கரம் தரையைத் தொட்டது. பாதையின் முடிவிலிருந்து பள்ளத்தில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவரும் உட்பட 21 பேர் மரணித்தார்கள்.

மேலே கிளம்புங்கள் என்று துணை விமானி சொல்லியும் தலைமை விமானி தொடர்ந்து இறங்கினார் என்பதே விசாரணை அறிக்கையின் முடிவு. மறுநாள் காலை அவர் கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானத்தை ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது, அந்த நினைப்பு அவரை இழுத்திருக்கலாம் என்றும் அது சொல்கிறது. அனுபவசாலிக்கே அந்த நெருக்குதல் என்றால், நம் அவசரத்தையும் அதன்மேல் ஏற்ற வேண்டுமா?

கட்டுநாயக்காவும் இதை அறியாததல்ல. 1978 நவம்பர் 15 இரவு, இந்தோனேசிய ஹாஜிமாரை ஜித்தாவிலிருந்து ஏற்றிவந்த ஐஸ்லாந்து விமானம் ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 183 பேர் மரணித்தார்கள். துணை விமானி உயரத்தைச் சொல்லி எச்சரிக்கவில்லை என்பதை இலங்கை விசாரணை காரணங்களில் ஒன்றாகக் கூறியது. ஐஸ்லாந்துத் தரப்போ நிலையத்தின் கருவியையும் கீழ்நோக்கி அடித்த காற்றையும் குறை சொன்னது.

இமாம் பிழைத்தால் பின்னால் நிற்கும் ஆண்கள் ஸுப்ஹானல்லாஹ் சொல்கிறார்கள், பெண்கள் கை தட்டுகிறார்கள். அது அவமரியாதை என்று எந்த இமாமும் கோபிப்பதில்லை. விமானி அறையிலும் அந்த ஒழுங்கையே இன்று வற்புறுத்திப் பழக்குகிறார்கள்.

ஆகவே, விமானம் மத்தளைக்குப் போய்விட்டது என்று கேட்டவுடன் வேனை அங்கே திருப்பிவிடாதீர்கள். பெரும்பாலும் பயணிகளை இறக்காமலே காத்திருந்து, மழை விட்டதும் கட்டுநாயக்காவுக்குத் திரும்பி வருவார்கள். உள்ளே இருக்கும் உங்கள் பிள்ளை கல்முனை எல்லைக்குள் வந்து சேரும்வரை முஸாஃபிர்தான். ளுஹரையும் அஸரையும் கஸ்ராகச் சுருக்கி, ஜம்உ செய்து தொழுதுகொள்ளலாம் என்று போனில் சொல்லிவிடுங்கள்.