ஈய எழுத்துக்கு என்ன விலை?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

மூங்கில்துறைப்பட்டு என்றால் நம் கல்லூரியில் பலருக்கும் சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள அந்த ஊர்தான் எனக்கும் சொந்த ஊர். அங்கே எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான்கு மரத்தட்டுகள் கிடந்தன. அவற்றில் 86 கிலோ ஈய எழுத்துகள். என் தாய்மாமன் அச்சுக்கோப்பாளர். 2004இல் அவர் வேலை பார்த்த சிறிய அச்சகம் மூடப்பட்டபோது, மூன்றாண்டுச் சம்பளப் பாக்கிக்கு ஈடாகக் கிடைத்தவை இவை. "ஒருநாள் இதுக்கு விலை வரும் மாப்ளே" என்று மாமா சொல்லாத பொங்கல் இல்லை.

சென்ற ஆண்டு தங்கையின் செவிலியர் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது. பழைய இரும்பு வியாபாரி கிலோவுக்கு 110 ரூபாய் தருவதாகச் சொன்னார். வாங்கலாமா, கூடாதா? வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கோ ஒன்றும் தெரியாது! கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது வெறும் ஈயமன்று. அச்செழுத்து ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றும் கலந்த உலோகக் கலவை. தனி ஈயத்தை நகத்தால் கீறலாம். அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தை அது தாங்காது. கடினத்தைத் தருவது ஆன்டிமனி. உருகிய கலவை குளிரும்போது அதிகம் சுருங்காமல் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து நிற்பதும் அதனால்தான். வெள்ளீயத்தின் விலை ஈயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆன்டிமனியோ, 2024இல் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபின் உலகச் சந்தையில் இரு மடங்குக்கு மேல் விலையேறியது. இவ்வளவும் கலந்த பொருளைத்தான் நம்மவர்கள் "பழைய ஈயம்" என்று எடை போடுகிறார்கள்.

கலவை எத்தகையது என்று அறிய ஆர்க்கிமிடீஸ் போதும். முப்பது எழுத்துகளை நூலில் கட்டினேன். எடை 147 கிராம். மின்னணுத் தராசில் நீர் நிறைந்த பீக்கரை வைத்துச் சுழியாக்கி, கொத்தை அடியில் படாமல் நீரில் தொங்கவிட்டேன். தராசு 15 கிராம் காட்டியது. ஆக, அடர்த்தி 9.8. தனி ஈயத்தின் அடர்த்தி 11.34, அதுவாக இருந்தால் 13 கிராம்தான் காட்டியிருக்கும். (முதல் முறை தவறான விடை வந்தது. எழுத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்ததே காரணம். சோப்பு நீரில் துலக்கிய பிறகே சரியாயிற்று.) வெள்ளீயத்தின் அடர்த்தியும் ஆன்டிமனியின் அடர்த்தியும் நெருக்கமானவை என்பதால் எது எவ்வளவு என்று இச்சோதனை பிரித்துச் சொல்லாது. ஆனால் ஈயத்தோடு வேறு உலோகம் கணிசமாக உண்டு என்பதை ஐயமின்றிச் சொல்லிவிடும்.

இது உலோகத்தின் விலை. எழுத்தின் விலை வேறு. அச்செழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் அளக்கும் திருகு அளவி நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. மாமாவின் தட்டில் 'ஔ' 23.31 காட்டியது, புத்தம் புதிதுபோல. 'க' 23.20. 'ம்' அதற்கும் கீழே. யோசித்தால் வியப்பில்லை. எந்தத் திருமண அழைப்பிதழில் 'ஔ' வருகிறது? எல்லா எழுத்தும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால்கூட அடியில் ஒரு தாளை வைத்துச் சமாளிக்கலாம். அது அச்சகங்களில் வழக்கமானதே. உயர்ந்ததும் தாழ்ந்ததும் கலந்து நின்றால் ஒன்று தாளைக் குத்தும், மற்றொன்று மங்கும். ஆகவே எழுத்து வாங்கப் போகிறவர் விற்பவர் எடுத்துக்காட்டும் அழகான எழுத்தைப் பார்க்கக் கூடாது. க, த, ம், ர, ல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவை போதிய அளவு இருக்கின்றனவா என்றும் எண்ண வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கு உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டுமே 36 வடிவங்கள் வேண்டும். 'து' தீர்ந்துபோன தட்டு, தட்டே அன்று.

வயதை அறியவும் ஒரு வழி உண்டு. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. தும்பிக்கை போட்ட பழைய 'லை' தட்டில் இருந்தால் அந்த எழுத்துத் தொகுதி பெரும்பாலும் அதற்கு முன் வார்க்கப்பட்டது. எங்களிடம் 24 புள்ளித் தட்டில் அது இருந்தது. தலைப்புக்கு மட்டும் பயன்பட்டதால் தேய்மானமும் குறைவு. சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் பழைய முறையில் அச்சிடும் கலைஞர்கள் தேடுவது இத்தகைய பெரிய எழுத்துகளையும், சுவரொட்டிக்கான மர எழுத்துகளையுமே. சிறிய எழுத்துகளை அவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. எழுத்தின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈரத்தாலும் மரத்தட்டின் அமில ஆவியாலும் வந்த ஈய அரிப்பு, நஞ்சு. ஊதக் கூடாது. கையைக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது. நம் வீட்டில் அதைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் நடுங்குகிறது.

கணக்கெல்லாம் முடிந்தது. சொல்வதுதான் கடினமாக இருந்தது. மூன்றாண்டு உழைப்புக்கு ஈடாக வந்த 12 புள்ளித் தட்டுகள் மூன்றும் எழுத்தாக விலை போகா என்பதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? திருகு அளவியைக் காட்டி, இரண்டு எண்களைச் சொன்னேன். 'க' ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"தெரியும் மாப்ளே. தேய்ச்சதே நான்தானே?"

மூன்று தட்டுகளின் 64 கிலோவை அந்த வியாபாரிக்குக் கொடுக்கவில்லை. பேட்டரித் தகடுகளுக்கு ஆன்டிமனி ஈயம் வாங்கும் ஒருவரைத் திருவண்ணாமலையில் விசாரித்துப் பிடித்தோம். அவர் தம் வழியில் சோதித்துப் பார்த்துக் கிலோவுக்கு 165 ரூபாய் கொடுத்தார். மொத்தம் 10,560. தங்கையின் முதல் தவணையில் பாதிகூட இல்லை. மீதியை அப்பா கரும்பு வெட்டுக்கூலியில் முன்பணமாக வாங்கினார். 24 புள்ளித் தட்டு கட்டிலுக்கடியில் இல்லை. திண்ணையில், மூடியிட்ட பெட்டியில் இருக்கிறது. சென்னையிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமா இன்னும் விலை சொல்லவில்லை.