வேகச் செடான் கார்களின் நடைமுறை மைலேஜ்

ஒரு லிட்டர் எரிபொருளில் ஒரு வாகனம் ஓடும் தொலைவு அதன் எரிபொருள் சிக்கனம் எனப்படும். பேச்சுவழக்கில் இதையே மைலேஜ் என்கிறோம். ஒவ்வொரு காருக்கும் இதில் இரண்டு எண்கள் உண்டு. சோதனைக்கூடத்தில் அளந்து சான்றிதழில் எழுதப்படுவது ஒன்று. சாலையில் கிடைப்பது மற்றொன்று. எல்லாக் கார்களிலும் இவ்விரண்டும் வேறுபடும் என்றாலும், திறனுக்காகவும் வேகத்துக்காகவும் வாங்கப்படும் செடான்களில் இந்த இடைவெளி மிகப் பெரியது. ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே வாரத்தில் லிட்டருக்கு 9 கி.மீ.யும் காட்டும், 19 கி.மீ.யும் காட்டும். இரண்டும் உண்மையே.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னா. 2023 மார்ச்சில் வெளிவந்த இதன் புதிய தலைமுறையில் இரண்டு 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின்கள் கொடுக்கப்பட்டன. சாதாரண என்ஜின் 115 குதிரைத்திறன் கொண்டது. கையால் கியர் மாற்றும் வகைக்குச் சான்றிதழ் மைலேஜ் 18.6 கி.மீ. டர்போ என்ஜின் 160 குதிரைத்திறன் கொண்டது; அதற்கான எண் 20.0 கி.மீ. இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர் வகைக்கு அது 20.6. திறன் கூடக்கூட மைலேஜ் குறையும் என்று நினைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். புனே அருகே சாக்கனில் தயாராகும் ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் காரின் 150 குதிரைத்திறன் ஜி.டி. வகைக்கும் 2022இல் வெளிவந்தபோது 18.67 கி.மீ. என்று சான்றளிக்கப்பட்டது. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

சான்றிதழ் எண் பிறக்கும் இடம்

இந்தியாவில் இதற்கான சோதனைகளைச் செய்யும் முதன்மை நிறுவனம் புனேயில் 1966இல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் வாகன ஆராய்ச்சிச் சங்கம். சோதனையில் கார் சாலையிலேயே இறங்குவதில்லை. சக்கரங்கள் உருளைகள் மீது சுழல, கார் நின்ற இடத்தில் நிற்கும். காற்றும் தரையும் தரும் தடைக்கு ஈடான சுமையை உருளைகளே கொடுக்கும். ஓட்டுநர் எப்போது எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. இதற்கு மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி என்று பெயர்.

மொத்தச் சோதனை 1,180 நொடிகள், அதாவது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஓடும் தொலைவு சுமார் 10.6 கி.மீ. முதலில் 195 நொடி கொண்ட நகர ஓட்டம் நான்கு முறை. பிறகு 400 நொடி கொண்ட புறநகர் ஓட்டம். நகரப் பகுதியில் உச்ச வேகம் 50 கி.மீ., புறநகர்ப் பகுதியில் 90 கி.மீ. ஏ.சி. இயங்காது.

இதில் கவனிக்க வேண்டியது முடுக்கம். நகரப் பகுதியில் நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட 26 நொடிகள் தரப்படுகின்றன. பால்காரரின் பழைய மொபெட்டே அதைவிட விரைவாகக் கிளம்பும். வெர்னா டர்போவோ 8.1 நொடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடும் என்று அதன் நிறுவனம் சொல்கிறது. ஆக, வாங்குபவர் எந்தத் திறனுக்காகப் பணம் கொடுக்கிறாரோ அந்தத் திறன் ஒரு முறைகூடப் பயன்படாத ஓட்டத்தில்தான் சான்றிதழ் மைலேஜ் அளக்கப்படுகிறது. அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது வேகக் கார் சாதுவாக நடந்துகொள்ளும்போது தரும் எண்.

160 குதிரைகளில் எத்தனை உழைக்கின்றன?

சமதளச் சாலையில் சீரான வேகத்தில் செல்லும் காரை இரண்டு தடைகள் பின்னிழுக்கின்றன. ஒன்று டயரின் உருளல் தடை. இது வேகத்தோடு அதிகம் மாறாது. மற்றது காற்றுத் தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள ஒரு நடுத்தரச் செடானுக்குத் தோராயமாகக் கணக்கிட்டால், உருளல் தடை ஏறத்தாழ 140 நியூட்டன். காற்றுத் தடை 80 கி.மீ. வேகத்தில் 175, 100இல் 275, 120இல் 395 நியூட்டன் என்ற அளவில் வரும்.

இரண்டையும் கூட்டி வேகத்தால் பெருக்கினால் தேவைப்படும் திறன் கிடைக்கும். 80 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 9 அல்லது 10 குதிரைத்திறன் போதும். 100க்கு 16, 120க்கு 24. மீதி நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட குதிரைகள் லாயத்தில் சும்மா நிற்கின்றன. ஆனால் சும்மா நிற்கும் குதிரைக்கும் தீனி போட வேண்டும் என்பதுதான் பெட்ரோல் என்ஜினின் பழைய சிக்கல். குறைந்த சுமையில் காற்று நுழையும் வழியைத் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிவிடுகிறது. பாதி மூடிய வாயால் மூச்சை இழுப்பதுபோல், காற்றை உள்ளே இழுக்கவே என்ஜின் தன் உழைப்பில் ஒரு பங்கைச் செலவிடுகிறது.

டர்போ என்ஜின்கள் இதற்கு ஒரு வழி கண்டன. அடிப்படையில் என்ஜின் சிறியது. திறன் தேவைப்படும்போது மட்டும் புகைபோக்கி வாயுவால் சுழலும் விசிறி கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும். முன்பு 2 லிட்டர் என்ஜின் செய்த வேலையை இப்போது 1.5 லிட்டர் செய்கிறது. எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதும், குறைந்த சுற்றுகளிலேயே நல்ல இழுவிசை கிடைப்பதும் மெதுவான ஓட்டத்தில் சிக்கனத்தைக் கூட்டுகின்றன. விர்டஸ் ஜி.டி. ஒரு படி மேலே போய், சுமை குறைந்தால் நான்கு சிலிண்டர்களில் நடுவில் உள்ள இரண்டை நிறுத்திவிடுகிறது. சோதனைக்கூடத்தில் டர்போ கார் நல்ல பெயர் வாங்குவது இதனால்தான்.

காலை அழுத்தினால் கதை மாறும். டர்போ முழு வீச்சில் காற்றைத் தள்ளும்போது சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் உயர்கின்றன. என்ஜின் தட்டாமல் இருக்க எரியூட்டும் நேரம் தாமதப்படுத்தப்படுகிறது. மிகக் கடுமையான சுமையில், குளிர்விப்பதற்காகவே கூடுதல் பெட்ரோலைச் செலுத்துவதும் உண்டு.

அதைவிடப் பெரிய செலவு பிரேக்கில் இருக்கிறது. 1,400 கிலோ கார் 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 540 கிலோஜூல். என்ஜினின் பயனுறுதிறன் 25 விழுக்காடு என்று வைத்தால், அந்த வேகத்தை எட்டுவதற்கு மட்டும் 65 முதல் 70 மில்லி லிட்டர் பெட்ரோல் தேவை. முன்னால் லாரி குறுக்கிட்டு பிரேக் போட்டு நிறுத்தினால் அத்தனையும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். லிட்டர் 100 ரூபாய் என்றால் அந்த ஒரு நிறுத்தத்தின் விலை ஏறத்தாழ 7 ரூபாய். 50 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் இழப்பு இதில் கால் பங்குதான். சாதாரணக் காருக்கும் இயற்பியல் இதேதான். ஆனால் வேகச் செடான் கண் இமைக்கும் நேரத்தில் 100ஐத் தொட்டுவிடுவதால், அதன் ஓட்டுநர் இந்த 7 ரூபாயைப் பலமுறை செலவிடுகிறார்.

எளாவூர்ச் சாலையில்

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது எளாவூர். சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16 இவ்வழியே செல்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதன் மீனவக் கிராமங்களும். ஒரு காரின் மைலேஜ் ஏன் ஒரே எண்ணாக இருக்க முடியாது என்பதை விளக்க இந்தச் சாலை போதும்.

மாதவரம், செங்குன்றம் வரை நின்று நின்று செல்லும் நெரிசல். பக்கத்தில் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரிகள். இங்கே டர்போ செடான்கள் 9 முதல் 12 கி.மீ. தருவதே வழக்கம். ஏ.சி.யோடு சும்மா நிற்கும் 1.5 லிட்டர் என்ஜின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். கால் மணி நேரம் நின்றால், நெடுஞ்சாலையில் நாலைந்து கிலோமீட்டர் ஓட வேண்டிய பெட்ரோல் போய்விடும்.

நல்லூர்ச் சுங்கச்சாவடியைக் கடந்து, காரனோடைப் பாலத்துக்கு அப்பால் சாலை நீண்டு கிடக்கிறது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத கடலோரச் சமவெளி. 80 முதல் 90 கி.மீ. வேகத்தில் நிதானமாகச் செல்பவருக்கு இங்கே சான்றிதழ் எண்ணுக்கு மிக அருகில் கிடைக்கும். அதே சாலையில் 120ஐத் தொட்டால் (சட்டப்படி அது வேறு பிரச்சினை) எதிர்ப்பு விசை 80இல் இருந்ததைவிடச் சுமார் 70 விழுக்காடு கூடுகிறது. கவரைப்பேட்டை முதல் எளாவூர் வரை அப்படிப் போனால் மிச்சமாவது மூன்று நான்கு நிமிடம்.

இந்தப் பகுதியில் கார்க்காரர்கள் கணக்கில் எடுக்காத ஒன்று காற்று. வடகிழக்குப் பருவக் காலத்தில் வாடைக்காற்று வடக்கிலிருந்து வீசும். பழவேற்காட்டு ஏரியில் பாய் விரிப்பவருக்கு எந்தத் திசைக் காற்று கூலி இல்லாமல் தள்ளும், எது கையை ஓயவைக்கும் என்பது கரையிலேயே தெரியும். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அமர்ந்திருப்பவருக்குத் தெரியாது. மணிக்கு 20 கி.மீ. எதிர்காற்றில் 90 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் உண்மையில் 110 கி.மீ. காற்றை எதிர்கொள்கிறது, காற்றுத் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும்தானே என்று கேட்கலாம். தள்ளும், தடை அப்போது 60 விழுக்காடாகக் குறையும். ஆனால் இரண்டின் சராசரி காற்றில்லாத நாளைவிடச் சுமார் 5 விழுக்காடு அதிகமாகவே வரும். இருமடிக் கணக்கில் இழப்பு எப்போதும் லாபத்தை முந்திவிடும்.

எளாவூரில் எல்லைச் சோதனைச்சாவடியின் லாரி வரிசை. அங்கிருந்து கிழக்கே ஏரிக்கரை ஊர்களுக்குத் திரும்பினால் சாலை குறுகி, வேகத்தடைகள் வந்துவிடும். தரைக்கு அருகில் தாழ்ந்து நிற்கும் செடான் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நின்று, முதல் கியரில் ஊர்ந்து ஏற வேண்டும். 160 குதிரைத்திறன் இங்கே எதற்கும் உதவாது.

பெட்ரோலும் மாறிவிட்டது

இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கணக்குப் பார்த்தால் கலப்பில்லாத பெட்ரோலைவிட ஒரு லிட்டரில் 6 முதல் 7 விழுக்காடும், 10 விழுக்காடு கலப்பைவிட மூன்றரை விழுக்காடும் ஆற்றல் குறைகிறது. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையும் பழைய நான்கு சக்கர வாகனங்களுக்கு 6 முதல் 7 விழுக்காடு மைலேஜ் இழப்பை எதிர்பார்த்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் உயர்வு. அதற்கேற்ப அமைக்கப்பட்ட டர்போ என்ஜின்கள் இழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம். முழுவதையும் மீட்க இயலாது.

பணக் கணக்கும் ஒரு மயக்கமும்

ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடும் காரை எடுத்துக்கொள்வோம். சான்றிதழ்படி லிட்டருக்கு 20 கி.மீ. என்றால் 600 லிட்டர் போதும். நடைமுறையில் 13 கிடைத்தால் 923 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் விலையில் வேறுபாடு 32,000 ரூபாய்க்கு மேல். மாதத் தவணை கட்டி வாங்கிய குடும்பத்துக்கு இது சிறு தொகை அல்ல.

மைலேஜ் என்ற அளவே சற்று மயக்கம் தருவது. 18 கி.மீ. மைலேஜை 20 ஆக்கினால் 100 கி.மீ.க்கு மிச்சமாவது அரை லிட்டரைவிடச் சற்று அதிகம். 8 கி.மீ.யை 10 ஆக்கினால் மிச்சம் இரண்டரை லிட்டர். இரண்டிலும் கூடியது அதே 2 கி.மீ. எனவே நெடுஞ்சாலையில் 20ஐத் தொட்டுவிட்டதாகப் பெருமைப்படுவதைவிட, நெரிசலில் அவசர முடுக்கத்தைக் குறைப்பது பணப்பைக்கு நல்லது. ஐரோப்பியர்கள் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று அளப்பதில் இந்த மயக்கம் வராது.

ஐரோப்பாவிலும் இடைவெளி தீரவில்லை. அங்கே 2017இல் தொடங்கி, 131 கி.மீ. வேகம் வரை போகும் 1,800 நொடிப் புதிய சோதனை வந்தது. கார்களிலேயே எரிபொருள் பதிவுக் கருவியும் கட்டாயமானது. 2021இல் பதிவான கார்களின் தரவை ஆராய்ந்த ஐரோப்பிய ஆணையம், பெட்ரோல் கார்கள் சான்றிதழைவிடச் சுமார் 24 விழுக்காடு அதிகம் செலவிடுவதாக 2024இல் தெரிவித்தது. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் சாலையிலேயே நடத்தப்படும் சோதனை புகை மாசுக்கானது, மைலேஜுக்கானது அல்ல.

தானே அளந்து பார்க்க

முகப்புத் திரை காட்டும் மைலேஜ் பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே இருக்கும். நம்பத்தக்க வழி டேங்கை நிரப்பி அளப்பது. கும்மிடிப்பூண்டியில் ஒரு பங்க்கில் பெட்ரோல் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, தூரமானியைப் பூஜ்யமாக்க வேண்டும். 412 கி.மீ. ஓடிய பிறகு அதே பங்க்கில் மீண்டும் நிரப்ப 29.4 லிட்டர் பிடித்தால், மைலேஜ் 14.0. குழாய் நிற்கும் இடத்தில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலும் விடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் பிழை வரும். ஆகவே மூன்று நான்கு முறை நிரப்பியவற்றை மொத்தமாகக் கூட்டி வகுக்க வேண்டும். டயர் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். குழாய் நின்ற பின் சில்லறைக் கணக்குக்காக இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லக் கூடாது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும்.