வாடகை வீடு – 9: யன்னலில் ஐந்து நிறம்

முற்பணம் கொடுத்துச் சாவி வாங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் வீட்டுக்குள் போவோம்.

கொழும்பு கொம்பனித்தெருவில், மலாய் வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. பழைய வீடு. யன்னல் நிலையில் எனாமல் பெயின்ட் செதில் செதிலாக எழும்பி நின்றது. ஒரு செதிலைப் பெயர்த்து விளிம்பைப் பார்த்தேன். மேலே இளநீலம், பிறகு பச்சை, மஞ்சள், பழுப்பு, அடியில் செம்மை. குடிவந்தவர்கள் ஆளுக்கொரு நிறம் பூசியிருக்கிறார்கள். யன்னலைத் திறந்து மூடும்போதெல்லாம் மரத்தோடு மரம் உரசித் தூள் கொட்டுகிறது. அந்தக் கட்டையைப் பிடித்துத்தான் வீட்டுக் குழந்தை எழும்பி நிற்கப் பழகுகிறது. அடுத்த நொடி விரல் வாயில்.

பழைய எனாமலில் மஞ்சளும் பச்சையும் பளிச்சென்று இருக்கவும், பெயின்ட் சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைக் கலப்பார்கள். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் 4, 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சும். பெரும்பாலும் காய்ச்சலும் வராது, வாந்தியும் வராது. பாதிப்பு மூளை வளர்ச்சியில். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரிஸ்பேனில் பிள்ளைகளுக்கு வந்த நோய்க்கு விறாந்தைக் கம்பிகளில் பூசிய பெயின்டே காரணம் என்று லொக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் 1904இலேயே எழுதிவிட்டார்.

நம் நாட்டில், பெயின்டில் கலக்கும் ஈயத்துக்கு எதிராகச் சுற்றாடல் நீதிக்கான மையம் 2011இல் உயர் நீதிமன்றம் போனது. அதே ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் எல்லை வகுத்தது: எமல்ஷனில் மில்லியனுக்கு 90 பங்கு, எனாமலில் 600. 2013 ஜனவரி முதல் நடைமுறை. நல்ல காரியம்தான். ஆனால் அது கடையில் இருக்கும் தகரத்துக்கான சட்டம். யன்னலில் ஏற்கெனவே ஏறிவிட்ட பெயின்டுக்கு அதில் பதில் இல்லை.

அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1978க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர் தனக்குத் தெரிந்த ஈய பெயின்ட் விபரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். தெரிந்தே மறைத்தால் நட்டத்தின் மூன்று மடங்கு வரை கட்ட நேரும்.

இங்கே நமக்கு இருப்பது உரோம-டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொத்து. குடியிருக்கத் தக்க நிலையில் வீட்டை வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று அது சொல்கிறது. உரியும் பெயின்ட் அந்தக் கடமைக்குள் வருமா? வரும் என்று வாதாடலாம். ஆனால் ஐந்து அடுக்கில் எது நஞ்சு, அதைப் பூசியது யார், பிள்ளைக்கு ஈயம் சேர்ந்தது அதிலிருந்துதானா என்றெல்லாம் நிரூபிக்கும் பாரம் குடியிருப்பவர் தலையில். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வீடுகளில் இன்னொரு சிக்கல். வாடகை சொற்பம் என்பதால் வீட்டுக்காரர் திருத்தத்துக்குக் கைவைக்கமாட்டார். குடியிருப்பவரே பெயின்ட் வாங்கிப் பூசுவார்.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு வரி சேருங்கள்: பழைய பெயின்டை அகற்றும் செலவு யாருடையது, எப்படி அகற்றுவது? பெயின்ட் பாஸ் காய்ந்த மரத்தில் சாண்ட் பேப்பர் போட்டால் வீடெல்லாம் ஈயத் தூள். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். வேலை முடியும்வரை பிள்ளை அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

நான் பார்த்த வீட்டில், போன மாதம் ஆறாவது நிறம் ஏறியது. வெள்ளை. தேய்த்தது காய்ந்த மரத்தில்தான்.

(அடுத்த வாரம்: கூரை ஒழுகினால்?)