ஆப்பரேஷனுக்கு முதல் நாள் பிளேடு எடுக்காதீர்கள்!



ஆப்பரேஷன் என்றதும் நம்மவர்களுக்குக் கத்தியைப் பற்றித்தான் பயம். கத்தி பிடிக்கிறவர் அதற்கென்றே படித்தவர். பிறகு புண்ணில் பிடிக்கிற சீழுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும். அதற்குக் காரணமான கிருமி பெரும்பாலும் நம் சொந்தத் தோலிலேயே குடியிருக்கிறது. தோல் அறுபட்டதும் உள்ளே போகப் பார்க்கும்.

செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவருக்குக் குடலிறக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். முதல் நாள் ராத்திரியே பிளேடு எடுத்து அடிவயிற்றைச் சுத்தமாக வழித்துக்கொண்டு போனார். "டாக்டருக்கு வேலை மிச்சம்தானேண்ணே" என்றார் என்னிடம். தோலில் அங்கங்கே வெட்டுக்காயம். வார்டில் மிஸ்ஸி சத்தம் போட்டார், ஆப்பரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அன்றையக் கூலியும் போச்சு.

மிஸ்ஸி சத்தம் போட்டது நியாயம்தான். பிளேடு பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும்; கிருமி அதிலே பெருகும். உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியில், முடியை எடுக்கவே வேண்டாம், அவசியமானால் மெஷினால் கத்தரிக்கலாம், மழிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அந்த வேலையை ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுப் போனால் போதும். சாதாரணச் சோப்பே போதும். பிள்ளைப்பேற்றுக்கு ஆப்பரேஷன் என்று சொல்லப்பட்ட தாய்மார்களுக்கும் இதேதான்.

இனிப்புநீர் இருந்தால் மறைக்காதீர்கள். தேதி தள்ளிப்போகும் என்று மருந்தை வீட்டில் ஒளித்துவைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை ஏறிய உடம்பில் புண் சீக்கிரம் ஆறாது. சிகரெட்டையும் நாலு வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். (சம்சுவைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுத வேண்டும்!)

கிருமிக்கான ஊசியைக் கத்தி வைப்பதற்கு முன்பே போடுவார்கள். பல ஆப்பரேஷன்களுக்கு அதுவே போதும். "மாத்திரை ஒண்ணும் கொடுக்கலையே" என்று கோபித்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் தையல்மேல் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் பூச வேண்டாம். கட்டைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புண் சிவந்து வீங்கினாலும், சீழோ நாற்றமோ வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். 30 நாள் வரைக்கும் இது வரலாம்.

சம்பளம் போகுமே என்று எம்.சி. முடியுமுன் காட்டுக்கு ஓடாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நோய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் சாதாரண நோய் விடுப்பை இதிலிருந்து கழிப்பதில்லை. ஆனால் 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். மண்டோரிடம் வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். எம்.சி.யை ஆபீசிலேயே கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.